அதே புத்தகம், இன்றைக்கும்!

இல்லமே ஆலயம்

சென்ற மாதம் வந்த மடல்களுள் ஒன்று, இப்பகுதிக்கு வழக்கமாக வரும் மடல்களைப் போன்றதன்று. பிள்ளை படிக்கவில்லை, கணவர் குடிக்கிறார், மாமியாரோடு மனத்தாங்கல் என்று எழுதும் அன்னையரிடையே, ஒரு தாய் தம் நான்கு வயது மகளின் படப் புத்தகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். இரவு செபம் முடிந்து பாயில் படுத்ததும் மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் வேண்டும். நல்ல பழக்கந்தான். ஆனால் வீட்டில் ஏழெட்டுப் புத்தகங்கள் இருந்தும், இரண்டு மாத காலமாகக் குழந்தை ஒரே புத்தகத்தைத்தான் எடுத்து வருகிறாள். யானைக்குச் சளி பிடித்து, சுற்றியுள்ளோரெல்லாம் நடுங்கும்படி அது தும்முகிற கதை. தந்தைக்குப் பொறுமை போய்விட்டது. “ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். இனி அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? வேறு புத்தகத்துக்குப் போகட்டும்” என்று சொல்லி, அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அன்றிரவு குழந்தை அழுதுகொண்டே உறங்கினாள். “என் கணவர் செய்தது சரியா?” என்பது அத்தாயின் வினா.

கணவன் மனைவி வழக்கில் உடனே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்கில்லை. இந்த ஒரு முறை சொல்லிவிடுவோம். அன்புச் சகோதரி, புத்தகத்தை இன்றைக்கே கீழே இறக்கிக் கொடுத்துவிடுங்கள். தங்கள் கணவர் கேட்டால் காரணத்தை நாம் சொல்கிறோம்.

மாலைதோறும் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லும் நாம், ‘சொன்னதையே ஏன் மீண்டும் கேட்கிறாய்?’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது சற்று வேடிக்கைதான். மங்கள வார்த்தை செபம் நமக்கு மனப்பாடமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின! மனப்பாடமாகிவிட்டது என்பதற்காக அதைக் கைவிட்டோமா? வார்த்தைகளைத் தேடவேண்டிய தொல்லை நீங்கிய பிறகுதான் மனம் மறையுண்மைகளின் மேல் நிலைகொள்கிறது. குழந்தையும் அவ்வாறே. முதல் நாள், அடுத்து என்ன நடக்குமோ என்று கதையின் பின்னால் ஓடுகிறாள். பத்தாம் நாள் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. யானையின் முகத்தையும், அதைச் சுற்றி நிற்போரின் முகங்களையும் நின்று பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கிறது. முப்பதாம் நாள், நூறு முறை புரட்டிய நம் கண்ணுக்கே தப்பிய ஏதோ ஒன்றைப் படத்தின் மூலையில் கண்டுபிடித்து, “அம்மா, இதோ பார்!” என்கிறாள்.

இது வெறும் ஊகமன்று. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்துக் கதைப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதை மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டது; மற்றப் பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். இரு பிரிவினரும் புதிய சொற்களைக் கேட்ட எண்ணிக்கை ஒன்றே. ஆயினும் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளே அச்சொற்களை நன்றாகக் கற்று, நினைவிலும் வைத்திருந்தார்கள். ‘கற்றுக்கொள்ள இனி என்ன இருக்கிறது’ என்று கேட்ட தந்தைக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது.

நமக்கோ, கற்பதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறொன்று உண்டு. இரவு என்பது பெரியவர்களுக்கு ஓய்வு. குழந்தைக்கு அது ஒரு பிரிவு. விளக்கு அணைகிறது, அம்மாவின் முகம் மறைகிறது, வீட்டில் நாள் முழுவதும் கேட்ட ஒலிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அந்த நேரத்தில், நேற்று எந்தப் பக்கத்தில் தும்மியதோ அதே பக்கத்தில் இன்றும் யானை தும்மவேண்டும். இடையில் ஒரு பக்கத்தை நாம் தள்ளிவிட்டால், உறக்கம் சொக்கும் நிலையிலும் குழந்தை எழுந்து உட்கார்ந்து விடுகிறாள் அன்றோ? அவள் கதையை மட்டும் சரிபார்க்கவில்லை. இந்த உலகம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று சரிபார்க்கிறாள். களைத்துப்போன தாய் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டுவது மன்னிக்கத்தக்கதே. பிடிபட்டால் மட்டும் வாதாடாமல் திரும்பிச் செல்லுங்கள்.

இனி, புத்தகம் நம் கையில் இருக்கும்போது குழந்தை எதைப் பார்க்கிறது என்று கேட்போம். நாம் எழுத்தைப் படிக்கிறோம். குழந்தையும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எண்ணுகிறோம். கண் எங்கே செல்கிறது என்பதைக் கருவி கொண்டு கவனித்து, 2005-ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நான்கு வயதுக் குழந்தைகள் எழுத்துகளை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய கண்கள் முழுக்க முழுக்கப் படத்தின் மேலேயே இருந்தன. அப்படியானால் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் இருவர் படிக்கிறார்கள். எழுத்து நம் பங்கு. படம் குழந்தையின் பங்கு. நாம் கடைசி வரியை முடித்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிட்டால், அவள் பங்கைப் பாதியில் பறித்தவர்கள் ஆகிறோம். பக்கம் புரட்டும் உரிமையைக் குழந்தையின் விரலுக்கே விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

படத்தை இவ்வாறு படிப்பது திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 600-ஆம் ஆண்டளவில் மார்செய் நகரத்து ஆயர் செரேனுஸ் என்பவர், மக்கள் படங்களை வணங்கிவிடுவார்கள் என்றஞ்சி, கோவிலில் இருந்த படங்களை உடைத்துவிட்டார். திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்து எழுதிய மடலில், படிக்கத் தெரிந்தவருக்கு நூல் எதுவோ, படிக்கத் தெரியாதவருக்குப் படம் அதுவே என்ற கருத்தை எடுத்துரைத்தார். நம் பங்குக் கோவில் சுவரில் இரு புறமும் தொங்கும் சிலுவைப்பாதை நிலைகளும் பதினான்கு பக்கப் படப் புத்தகம்தானே! பக்கம் புரள்வதற்குப் பதிலாக அங்கே நாம் நடக்கிறோம். தவக்காலத்து வெள்ளிதோறும் தந்தையின் தோளில் அமர்ந்து சென்ற குழந்தை, எந்த நிலையில் வெரோணிக்கம்மாள் துணியோடு வருவாள் என்பதை எழுத்துத் தெரிவதற்கு முன்பே அறிந்துவிடுகிறது.

இதிலிருந்து நாம் சொல்ல விரும்புவது ஒன்று. ‘எனக்குப் படிக்கத் தெரியாது, நான் எப்படிப் புத்தகம் காட்டுவேன்?’ என்று ஒதுங்கி உட்காரும் பாட்டிமார் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியம்மா, தாங்களும் பேத்தியும் ஒரே வகுப்பு மாணவர்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தில் தெரிவதைச் சொல்லுங்கள். அச்சில் உள்ள கதைக்கும் தாங்கள் சொல்லும் கதைக்கும் பொருந்தாமல் போனால் குடி முழுகிவிடாது. அம்மா படித்தால் ஒரு கதை, பாட்டி படித்தால் வேறொரு கதை என்று ஒரே புத்தகம் இரண்டாகிவிட்டால், குழந்தைக்கு அது இலாபமே.

படத்துக்குள் ஒளிந்திருப்பது எவ்வளவு என்பதற்கு ஓர் அமெரிக்க நூலைச் சொல்லலாம். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து, 1947-இல் வெளிவந்த ‘குட்நைட் மூன்’ என்னும் சிறு நூல் அது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கையில் இருக்கும் ஒரு முயல் குட்டி, அறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் விடை சொல்கிறது, அவ்வளவே. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அறை சிறிது சிறிதாக இருள்கிறது. சன்னலில் நிலவு மேலேறுகிறது. ஒரு சிறு எலி வண்ணப்படம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. வரிகளைப் படிப்பவருக்கு எலி தப்பிவிடும், குழந்தைக்குத் தப்பாது. நியூயார்க் நகரத்துப் பொது நூலகம் இந்நூலை விரும்பாமல், 1972 வரை வாங்காமலே இருந்தது. பெரியவர்களின் மதிப்பீடும் குழந்தைகளின் மதிப்பீடும் இருபத்தைந்து ஆண்டுகள் வேறுபட்டு நின்றன! நமக்கோ இந்நூலைப் பார்க்கும்போது, நம் வீட்டுச் சிறுவர்களின் இரவு செபந்தான் நினைவுக்கு வருகிறது. அப்பா, அம்மா, தாத்தா என்று தொடங்கி, ஆட்டுக்குட்டி, கோழி, பக்கத்து வீட்டு நாய் வரை ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்த பிறகே அவர்கள் கண்ணை மூடுகிறார்கள். அந்தப் பட்டியலை நடுவில் நிறுத்தி, “போதும், தூங்கு” என்னாதீர்கள்.

இனி, இத்தகைய மடல்களின் பின்னால் மறைந்திருக்கும் ஓர் அச்சத்தைப் பற்றிப் பேசவேண்டும். பெற்றோர் பலருக்குப் படப் புத்தகம் என்றாலே அது பள்ளிக்கு முந்திய பள்ளியாகத் தோன்றுகிறது. “இது என்ன கலர்? இங்கிலீஷில் சொல். பசுவுக்கு எத்தனை கால்? எண்ணு பார்ப்போம்.” குழந்தை தவறாகச் சொன்னால் தாயின் முகம் சுருங்குகிறது. பகல் முழுவதும் வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு, தாய் மடியிலும் ஒரு வாய்மொழித் தேர்வு! ஆங்கில நூலாக வாங்கிவந்து, தமக்கே சரளமாக வராத அம்மொழியில் திக்கித் திணறிப் படித்து, உறங்கும் நேரத்தை இருவருக்கும் வேதனையாக்கிக்கொள்ளும் இல்லங்களும் உண்டு. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும், படத்துக்கு மொழியில்லை. தங்கள் ஊர்த் தமிழில் சொல்லுங்கள். பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் செய்த புதுமையும் அதுவே; கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டனர்.

கேள்வியே கேட்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலாரும் அவர் குழுவினரும் செய்து, 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு, ஒரு மாத காலம் படப் புத்தகம் காட்டும் முறையில் சிறு மாற்றத்தைக் கற்பித்தார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளை விட்டு, ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்பதுபோல் கேட்டு, குழந்தை சொன்னதையே இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வழக்கம்போல் படித்துக் காட்டியவர்களின் குழந்தைகளைவிட இக்குழந்தைகளின் பேச்சு நன்கு முன்னேறியிருந்தது. விடை தெரிந்துகொண்டே கேட்பது தேர்வு. தெரியாமல் கேட்பது உரையாடல். குழந்தை இந்த வேறுபாட்டைக் குரலிலேயே கண்டுகொள்கிறது.

உலகம் கொண்டாடும் படக்கதைகள் சில, பாடம் புகட்டும் நோக்கத்தோடு பிறந்தவை அல்ல. 1893-ஆம் ஆண்டில் பியட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி, தம் முன்னாள் ஆசிரியையின் மகன் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருப்பதை அறிந்து, அச்சிறுவனுக்கு முயல் படங்கள் வரைந்து ஒரு கடிதம் எழுதினார். பின்னர் அதை நூலாக்க முயன்றபோது பதிப்பாளர் பலர் மறுத்துவிட்டார்கள். 1901-இல் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார்; மறு ஆண்டில் ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. குழந்தையின் சிறு கைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக நூல் சிறிதாகவே இருக்கவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நோயுற்ற ஒரு பிள்ளையின் படுக்கையருகே பிறந்த அந்தப் பீட்டர் முயல் இன்றும் உலகெங்கும் துள்ளிக்கொண்டிருக்கிறது.

விவிலியப் படப் புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். 1979-ஆம் ஆண்டு, உலகக் குழந்தைகள் ஆண்டையொட்டி, ‘ஏய்ட் டு தி சர்ச் இன் நீட்’ என்னும் கத்தோலிக்க உதவி அமைப்பு ஒரு சிறுவர் விவிலியத்தை வெளியிட்டது. எலெனோர் பெக் எழுதியது. வண்ணப் படங்கள் நிறைந்தது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில், ஐந்து கோடிப் படிகள் அளவுக்கு அச்சாகியுள்ள அந்நூல் பல நாடுகளில் ஏழைக் குழந்தைகளின் முதற் புத்தகமாக அமைந்தது. தங்கள் வீட்டுப் பெட்டியிலும் மூத்த பிள்ளைகளின் பழைய சிறுவர் விவிலியம் ஏதேனும் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டுங்கள்.

ஆனால் ஒன்று. விவிலியத்தின் எல்லாப் பக்கங்களும் உறங்கப்போகும் நேரத்துக்கு உரியவை அல்ல. ஈசாக்கின் மேல் ஓங்கிய கத்தியையும், ஏரோதின் வாளையும் பகலில், வெளிச்சத்தில், கேள்வி கேட்க நேரம் இருக்கும்போது காட்டலாம். அந்நாளில் ஞானோபதேச வகுப்புகளில் நரகத்தின் நெருப்பைப் பெரிய படமாக மாட்டிவைத்துப் பிள்ளைகளை நடுங்கச் செய்தார்கள்; அதனால் எத்தனை பேர் நல்லவர்களானார்கள் என்பது நமக்குத் தெரியாது, எத்தனை பேர் இரவில் உறங்காமல் விழித்திருந்தார்கள் என்பது ஓரளவு தெரியும். இரவுக்குத் தொலைந்த ஆடு இருக்கிறது. மரத்தின் மேல் சக்கேயு இருக்கிறார். புயலின் நடுவே படகில் தலையணைமேல் தலைவைத்து உறங்கும் ஆண்டவரே இருக்கிறார். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் அழைத்த கதையும் அழகானதே. ஆயினும், அதைக் கேட்ட பிள்ளை தானும் மூன்று முறை எழுந்து வந்து, “என்னைக் கூப்பிட்டீர்களா?” என்று கேட்கும் என்பதற்கு ஆயத்தமாயிருங்கள்.

நோவாவின் பேழை எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்த படம். அதில்தான் ஒரு கண்ணியும் இருக்கிறது. முன் சொன்ன மடலிலேயே அத்தாய் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். “பேழையில் இடம் கிடைக்காத ஆடுகள் என்ன ஆயின என்று கேட்டாள், பதில் தெரியாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.” சகோதரி, எழுத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இக்கேள்வி எழுவதில்லை. படத்தில் வரிசையாக ஏறும் இணைகளைப் பார்த்து, ஏறாதவற்றை எண்ணி வருந்திய நெஞ்சம் தங்கள் மகளுடையது. அந்த நெஞ்சத்துக்குப் பக்கத்தைப் புரட்டுவது விடையாகாது. “எனக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது” என்று உண்மையைச் சொல்லுங்கள். அதன் பிறகு வானவில் பக்கத்துக்குச் சென்று, இனி ஒருபோதும் வெள்ளத்தால் உயிர்களை அழிப்பதில்லை என்று ஆண்டவர் உடன்படிக்கை செய்ததைக் காட்டுங்கள். அவ்வுடன்படிக்கை மனிதரோடு மட்டும் செய்யப்பட்டதன்று. ஆடுமாடுகளோடும் பறவைகளோடும் செய்யப்பட்டது என்று தொடக்கநூல் கூறுகிறது. குழந்தைக்கு அது மிகவும் தேவையான செய்தி.

நல்ல தமிழ்ப் படப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு தலைமுறைக்கு முன், குறைந்த விலையில் கண்ணைப் பறிக்கும் படங்களோடு நமக்குக் கிடைத்தவை மாஸ்கோவில் அச்சான சோவியத் நூல்கள். கடவுள் இல்லை என்ற அரசு அனுப்பிய புத்தகங்களைத்தான் செபமாலை சொல்லி முடித்த பல குழந்தைகள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கினார்கள்! 1991-இல் சோவியத் நாடு கலைந்தபின் அந்த வரத்து நின்றுபோயிற்று. 1957-இல் தொடங்கப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. சென்னையில் 1990-களில் தொடங்கிய தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் நம் நாட்டு முகங்களோடும் நம் நாட்டு மரங்களோடும் நூல்கள் வெளியிடுகின்றன. மடலில் கண்ட தும்மும் யானை, அசோக் ராஜகோபாலன் எழுதி, படமும் வரைந்து, 2010-இல் தூலிகா வெளியிட்ட ‘கஜபதி குலபதி’யாகவே இருக்கவேண்டும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் பல கட்டணமின்றியே கிடைக்கின்றன. கைப்பேசியில் பார்ப்பதைவிட அவற்றை அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நன்று. ஒளிரும் திரை உறக்கத்தைக் கலைக்கும். ஞானஸ்நானத்துக்கு மோதிரம் போடும் ஞானப்பெற்றோர், ஆண்டுதோறும் நாமத் திருநாளுக்கு ஒரு படப் புத்தகமும் கொடுத்தால் குழந்தையின் அலமாரி தானே நிரம்பும்.

தந்தையரைப் பற்றி ஒரு சொல். புத்தகத்தை மேல்தட்டில் வைத்தவர் மேல் நமக்குக் கோபமில்லை. இரவில் மகளருகே படுத்திருந்ததால்தானே அவருக்குச் சலிப்பு உண்டாயிற்று! அந்தச் சலிப்புக்கு ஏங்கும் தந்தையர் உண்டு. நம் கடற்கரைப் பங்குகளில் ஒன்றில் ஒரு குடும்பத்தை அறிவோம். தந்தைக்கு வளைகுடா நாட்டில் வேலை. ஒரே புத்தகத்தில் இரண்டு படிகள் வாங்கினார்கள். ஒன்று மகனுடைய தலையணையடியில், மற்றொன்று அங்கே அவருடைய பெட்டியில். இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே ஏழரை. தொலைபேசியில் அவர் படிக்க, இங்கே சிறுவன் பக்கத்தைப் புரட்டுகிறான். தொடர்பு நடுவில் அறுந்துபோகும் நாள்களில், மீதிக் கதையை அவனே உரத்த குரலில், தந்தையின் ஏற்ற இறக்கங்களோடு, எழுத்தொன்றும் தெரியாமலே படித்து முடித்துவிடுகிறான். ஒரே புத்தகம் இருநூறு முறை படிக்கப்பட்டிராவிட்டால் அது நடந்திருக்குமா?

இருநூறு முறை புரட்டிய புத்தகம் கிழியத்தான் செய்யும். கிழிந்ததற்காகக் குழந்தையை அடிக்கவேண்டா. பழைய தாள்காரரிடம் போடவும் வேண்டா. ஒட்டுநாடாவை ஒட்டாதீர்கள், ஓராண்டில் அது மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துவிடும். கிழிந்த இடத்தின் பின்புறம் மெல்லிய தாளை, மைதா மாவைக் காய்ச்சிய பசையால் ஒட்டி, மேலே கனமான நூலொன்றை வைத்து ஓர் இரவு அழுத்தி வையுங்கள். பூச்சி அரிக்காதிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் அப்பசையில் துத்தம் கலப்பது வழக்கம். தாங்கள் கலக்கவேண்டா, அது நஞ்சு, குழந்தை விரலை வாயில் வைக்கும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் வேறு கதை.